டோரன்ட் ஃபோல்டரைப் புது ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுவது எப்படி?

லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்புக் கோடு காட்ட ஆரம்பித்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வந்து, டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே கட் செய்து அதில் பேஸ்ட் செய்துவிடுவார்கள். கல்யாண போட்டோ, வீடியோ என்றால் அது போதும். டோரன்ட்டில் இறக்கிய ஃபைல்களுக்குப் போதாது. மறுநாள் டோரன்ட் மென்பொருளைத் திறந்தால் பட்டியல் முழுக்க 'மிஸ்ஸிங் ஃபைல்ஸ்' என்று நிற்கும்.

வேலூரில் காட்பாடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்கள், வேலைக்குச் சேர்ந்து முதல் லேப்டாப் வாங்கியவர்கள், சத்துவாச்சாரி, பாகாயம் வீடுகளில் பழைய டெஸ்க்டாப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எனப் புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விண்டோஸையும், கியூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் மென்பொருளையும் வைத்தே விளக்குகிறேன். யூடோரன்ட், டிரான்ஸ்மிஷன் என்ற வேறு டோரன்ட் மென்பொருள்களை வைத்திருப்பவர்களுக்கு எங்கே வேறுபடும் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஏன் இந்தத் தொல்லை என்று புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம். பிராம் கோஹன் 2001-இல் உருவாக்கிய பிட்டோரன்ட் முறையில் ஒரு ஃபைல் பல துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஒரு எண், டோரன்ட் ஃபைலுக்குள் எழுதியிருக்கும். உங்கள் மென்பொருள் யாரிடமிருந்து எந்தத் துண்டை வாங்கினாலும் இந்த எண்ணோடு ஒத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளும். எந்தத் துண்டு வந்தது, எது பாக்கி, ஃபைல் எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற கணக்கையெல்லாம் அது தனியாக வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. நீங்கள் எக்ஸ்ப்ளோரரில் ஃபைலை இழுத்துப் போட்டால் ஃபைல் போய்விடும், கணக்கு பழைய இடத்திலேயே நிற்கும். வீடு மாறிவிட்டு ரேஷன் கார்டில் முகவரி மாற்றாமல் விட்ட கதைதான். ஃபைலும் கணக்கும் சேர்ந்து நகர வேண்டும், பழையதை அழிப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். கீழே வரும் அத்தனை படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ ஃபைல்கள், லிப்ரே ஆபீஸ், இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா படிக்க கிவிக்ஸ் தரும் ஃபைல்கள், இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடக்கும் பழைய புத்தகங்கள் என்று சட்டப்படி டோரன்ட்டில் கிடைப்பவை ஏராளம். புதுப்படம் அந்தக் கணக்கில் வராது. டோரன்ட்டில் இறக்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறீர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது.

டிஸ்க் வாங்கும்போது

1 டிபி டிஸ்க் வாங்கி மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். 2 டிபி டிஸ்க் 1.81 டிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே ஏமாற்றுவது வேறு சரக்கு. பெயர் தெரியாத கம்பெனியின் 16 டிபி எஸ்எஸ்டி என்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஆன்லைனில் விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய அளவு மாதிரி விண்டோஸுக்குப் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்ததும் புது ஃபைல் பழைய ஃபைலின் மேலேயே எழுதப்படும். காப்பி முடிந்தது என்று சொல்லும், திறந்தால் திறக்காது. சந்தேகம் இருந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் உண்டு. டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். ராத்திரி ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

கடையில் வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' பாருங்கள். புது டிஸ்க் என்றால் பூஜ்யம், அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அது யாரோ ஓட்டிய டிஸ்க். அதே திரையில் 'ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டார்' என்ற இரண்டு வரிகளின் 'ரா' மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே மாற்றிக் கேளுங்கள்.

கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்கே புதியவர்களுக்குப் போதும். யூஎஸ்பி கேபிளிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும். பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும், கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் நின்றாலும் டிஸ்க் அணைந்துவிடும். நம் ஊர் மின்சாரத்தை நினைத்தால் சின்னதே மேல்.

டிஸ்க்கைத் தயார் செய்வது

புது டிஸ்க்கில் ஃபைல் போடுவதற்கு முன்னால் அதன் ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறை, என்னவென்று பாருங்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் தெரியும். எஃப்ஏடி32 என்றிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. பெரிய ஐஎஸ்ஓ ஒன்றை எழுதும்போது இடம் நிறைய இருந்தும் எரர் வருவது இதனால்தான். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறவர்கள் என்டிஎஃப்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் கேபிள் பிடுங்கப்பட்டாலும் நடந்த மாற்றங்களை ஒரு குறிப்பில் எழுதி வைத்திருப்பதால் மீண்டுவரும் வாய்ப்பு அதிகம். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட் தவிர வழியில்லை, ஏனென்றால் மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், எழுதாது. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பு வசதி கிடையாது. அதை ஒழுங்காக இஜெக்ட் செய்யாமல் பிடுங்கும் பழக்கம் உள்ளவர்கள் என்டிஎஃப்எஸ்ஸோடு இருப்பது நல்லது.

ஃபார்மேட் செய்ய வேண்டியிருந்தால் 'குயிக் ஃபார்மேட்' போதும். 'அலொகேஷன் யூனிட் சைஸ்' என்று கேட்பதை அப்படியே விடுங்கள். 'வால்யூம் லேபிள்' என்ற இடத்தில் ஒரு பெயர் கொடுங்கள், ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் வீட்டில் இருக்கும் காலம் வரும்.

அடுத்தது புதியவர்கள் கட்டாயம் தாண்டிப் போகும் படி, தாண்டக் கூடாத படி: டிரைவ் லெட்டர். இன்றைக்கு டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் 'இ' என்று எழுத்து கொடுக்கும். நாளைக்கு முதலில் பென்டிரைவ் மாட்டியிருந்தால் அது 'இ' ஆகிவிடும், டிஸ்க் 'எஃப்' ஆகலாம். டோரன்ட் மென்பொருள் 'இ' டிரைவில் தேடி, காணோம் என்று சொல்லும். அதனால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். கீழே உங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' என்பதில் 'எக்ஸ்' என்ற எழுத்தையோ, 'டி'க்கு வெகு தூரத்தில் இருக்கும் வேறு ஓர் எழுத்தையோ கொடுங்கள். பென்டிரைவ்கள் வழக்கமாக முதலில் காலியாக இருக்கும் எழுத்தைத்தான் எடுக்கும், 'எக்ஸ்' வரை வராது. ஒருமுறை கொடுத்தால் அந்தக் கணினி அதை நினைவில் வைத்திருக்கும். வேறு கணினியில் மாட்டும்போது அங்கே தனியாகக் கொடுக்க வேண்டும்.

கேபிள், வெயில், கரண்ட்

டிஸ்க்கோடு வரும் குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள். டிஸ்க் பக்கம் இருக்கும் முனை பல மாடல்களில் நடுவில் பிளவு போட்ட தட்டையான முனையாக இருக்கும். அதுதான் இந்த டிஸ்க்குகளின் பலவீனமான இடம். பார்த்தால் உள்ளே போன மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும். மேஜையை யாராவது இடித்தால் டிஸ்க் மறைந்து திரும்ப வரும் 'டிடிங்' சத்தம் கேட்கும். மாட்டிய பிறகு லேசாக ஆட்டிப் பாருங்கள், சத்தம் வந்தால் கேபிளை மாற்றாமல் வேலையைத் தொடங்காதீர்கள். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டிஸ்க்கைத் தொங்கவிடுவதும் வேண்டாம். உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் அதோடு முடிந்தது.

நீல நிறத்தில் இருக்கும் யூஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கப் போர்ட்டில் மாட்டுங்கள், முன்பக்கத்துக்கு வரும் ஒயர் பல கேபினட்களில் சுமாராகத்தான் இருக்கும். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 30 முதல் 40 எம்பி வரைதான் வரும். 500 ஜிபி மாற்ற நாலு மணி நேரம் ஆகும். அதே டிஸ்க் யூஎஸ்பி 3-இல் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். ஆனாலும் ஒன்று. இன்றைய சின்ன டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் வகை, தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி நெருக்கி எழுதுபவை. முதல் கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, நூறு இருநூறு ஜிபி ஒரே மூச்சில் எழுதும்போது திடீரென்று சோர்ந்துபோகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

சித்திரை, வைகாசியில் வேலூரில் மத்தியான நேரம் 40 டிகிரியைத் தாண்டும். பல எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளுக்குச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான் என்று தயாரித்தவர்களே வரம்பு போட்டிருக்கிறார்கள். மேல் மாடி அறை, சிமென்ட் தளத்தின் கீழ், ஜன்னல் ஓரம் என்றால் வரம்பு எப்போதோ போயிருக்கும். பெரிய மாற்றலை ராத்திரி பத்து மணிக்கு மேல் வையுங்கள், டிஸ்க்கை மெத்தை மேலோ துணி மேலோ வைக்காமல் வெறும் மேஜையில், ஃபேன் காற்று படுகிற மாதிரி வையுங்கள். கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ வெப்பத்தையும் காட்டும். 50-ஐத் தாண்டி ஏறினால் கொஞ்சம் நிறுத்தி ஆறவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போய்ச் சாயங்காலம் வரும் மின்தடை உங்கள் ஏரியாவுக்கு என்றைக்கு என்று முன்தினமே பேப்பரில் பார்த்துவிடுங்கள். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அந்த நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். லேப்டாப்பில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' என்று மாற்றிவிட்டு, சார்ஜரில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கணக்கைக் காப்பி எடுப்பது

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் மென்பொருளின் கணக்குப் புத்தகத்தை எடுத்து வையுங்கள். கியூபிட்டோரன்ட்டை முழுவதும் மூடுங்கள். பெருக்கல் குறியை அழுத்தினால் அது கீழே கடிகாரத்தின் பக்கத்தில் ஒளிந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். அங்கே ரைட் கிளிக் செய்து 'எக்ஸிட்' கொடுக்க வேண்டும். பிறகு எக்ஸ்ப்ளோரரில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' காட்டும்படி வைத்துவிட்டு, உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் கியூபிட்டோரன்ட், அதற்குள் 'பிடி பேக்கப்' என்ற ஃபோல்டருக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு டோரன்ட்டுக்கும் டோரன்ட் ஃபைல் ஒன்று, ஃபாஸ்ட்ரெஸ்யூம் ஃபைல் ஒன்று என இரண்டிரண்டு கிடக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். சில எம்பிதான் இருக்கும். எது சொதப்பினாலும் மென்பொருளை மூடிவிட்டு இதைத் திரும்ப வைத்தால் பட்டியல் பழையபடி வந்துவிடும்.

முதல் வழி: மென்பொருளையே நகர்த்தச் சொல்வது

பெரும்பாலோருக்கு இது போதும். கியூபிட்டோரன்ட்டில் முடிந்த டோரன்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் 'செட் லொகேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தி, 'எக்ஸ்' டிரைவில் நீங்கள் உருவாக்கிய ஃபோல்டரைக் காட்டுங்கள். நிலை 'மூவிங்' என்று மாறும். ஃபைலைப் புது இடத்துக்கு எழுதி, பழைய இடத்தில் அழித்து, கணக்கையும் அதுவே மாற்றிக்கொள்ளும்.

முதல் தடவை சின்ன டோரன்ட் ஒன்றை மட்டும் அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் ரைட் கிளிக் செய்து 'ஃபோர்ஸ் ரீசெக்' கொடுங்கள். ஒவ்வொரு துண்டையும் புது டிஸ்க்கிலிருந்து படித்து ஹாஷோடு ஒத்துப் பார்க்கும். 100 சதவீதம் வந்தால் வழி சரியாக இருக்கிறது. அதன் பிறகு பத்து பத்தாகத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும், ஆனால் நடுவில் கேபிள் ஆடினால் எது போனது எது நின்றது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

யூடோரன்ட்டில் இதே வேலை 'அட்வான்ஸ்டு' மெனுவுக்குள் 'செட் டவுன்லோட் லொகேஷன்' என்ற பெயரில் இருக்கிறது. டிரான்ஸ்மிஷனில் 'செட் லொகேஷன்' அழுத்தியதும் இரண்டு கேள்வி வரும்: இப்போதைய ஃபோல்டரிலிருந்து நகர்த்தவா, அல்லது ஃபைல் ஏற்கெனவே அங்கே இருக்கிறதா? இந்த வழிக்கு முதலாவது. அதில் ரீசெக்குக்குப் பெயர் 'வெரிஃபை லோக்கல் டேட்டா'.

கியூபிட்டோரன்ட் 5.0 முதல் 'பாஸ்', 'ரெஸ்யூம்' என்ற பெயர்கள் 'ஸ்டாப்', 'ஸ்டார்ட்' என்று மாறிவிட்டன. பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் குழம்ப வேண்டாம்.

இரண்டாவது வழி: காப்பி, பெயர் மாற்றம், ரீசெக், அப்புறம் அழிப்பு

முதல் வழியில் ஒரு சங்கடம் இருக்கிறது. மென்பொருள் பழைய ஃபைலை அழித்த பிறகுதான் நீங்கள் ரீசெக் கொடுக்கிறீர்கள். அதில் பிழை தெரிந்தால் திரும்ப இணையத்திலிருந்துதான் அந்தத் துண்டுகளை இறக்க வேண்டும். உபுண்டு மாதிரி ஆயிரம் பேர் சீட் செய்கிற, அதாவது முழு ஃபைலையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அனுப்புகிற, ஃபைல் என்றால் கவலையில்லை. ஒரே ஒருவர் சீட் செய்து, அவரும் காணாமல் போய்விட்ட பழைய தெருக்கூத்துப் பதிவு, அச்சில் இல்லாத புத்தகத்தின் ஸ்கேன் என்றால் அந்தத் துணிச்சல் வேண்டாம். நான் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டாவது வழியைத்தான் சிபாரிசு செய்வேன். நேரம் கூடுதல், நிம்மதியும் கூடுதல்.

மென்பொருளை முழுவதும் மூடுங்கள். மூடாவிட்டால் சீட் ஆகிக்கொண்டிருக்கும் ஃபைல்களை அது பிடித்து வைத்திருக்கும். டவுன்லோட் ஃபோல்டரைப் புது டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பி. டெராகாப்பி என்ற மென்பொருளில் செய்தால் காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, நடுவில் நின்றாலும் தொடரலாம்.

காப்பி முடிந்ததும் பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். கடைசியில் 'பழசு' என்று சேர்த்தால் போதும். இனி மென்பொருள் பழைய இடத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது, தவறியும் அதைத் தொட முடியாது. இந்தச் சின்ன வேலைதான் இந்த வழியின் உயிர்.

இப்போது மென்பொருளைத் திறந்தால் பட்டியல் முழுக்க 'மிஸ்ஸிங் ஃபைல்ஸ்' என்று வரும். வர வேண்டும். எதற்கும் ஸ்டார்ட் கொடுக்காதீர்கள். ஒரே ஃபோல்டரில் இருந்த டோரன்ட்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'செட் லொகேஷன்' போய், புது டிஸ்க்கில் அதே ஃபோல்டரைக் காட்டுங்கள். நகர்த்த எதுவும் இல்லாததால் ஒரு நொடியில் முடியும். டிரான்ஸ்மிஷனில் இங்கே இரண்டாவது பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஃபைல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்பதை. பிறகு 'ஃபோர்ஸ் ரீசெக்'. இது டிஸ்க்கில் இருக்கும் அத்தனையையும் படிப்பதால், காப்பிக்கு ஆன அளவு நேரம் இதற்கும் ஆகும்.

ரீசெக் 0 சதவீதம் என்று சொன்னால் பெரும்பாலும் ஃபைல் கெட்டிருக்காது, ஃபோல்டர் ஒரு படி மேலேயோ கீழேயோ போயிருக்கும். ஒரு டோரன்ட்டுக்குள் பல ஃபைல்கள் இருந்தால் அது தனக்கென்று ஒரு ஃபோல்டர் உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் காட்ட வேண்டியது அந்த ஃபோல்டரை அல்லாமல் அதை வைத்திருக்கும் மேல் ஃபோல்டரை. குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வாட்ஸாப்பில் கேட்டது இதைத்தான்.

"அண்ணா, டிஸ்க்ல பைல் எல்லாம் கீது. திறந்தா ஓடுது. ஆனா ரீசெக் குடுத்தா ஜீரோ காட்டுது. எல்லாத்தையும் மறுபடி இறக்கணுமா?"

"வேணாம்பா. ஸ்டார்ட் மட்டும் குடுத்துடாத. எந்த ஃபோல்டரைக் காட்டின, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு."

பார்த்தால் ஒரே பெயரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருந்தது மென்பொருள். ஒரு படி மேலே காட்டியதும் நூறு வந்துவிட்டது. ஸ்டார்ட் கொடுத்திருந்தால் உள்ளே புதிதாக இன்னொரு ஃபோல்டர் உருவாக்கி முதலிலிருந்து இறக்க ஆரம்பித்திருக்கும், ஹாஸ்டல் டேட்டா போயிருக்கும்.

98, 99 சதவீதத்தில் நின்றால் வேறு காரணம். சில துண்டுகள் மட்டும் ஒத்துவரவில்லை. பழைய ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை மறுபடி காப்பி செய்து ரீசெக் கொடுங்கள். அப்போதும் அதே இடத்தில் நின்றால் பழைய ஃபைலே கெட்டிருக்கிறது, அல்லது யாரோ உள்ளே ஒரு ஃபைலைத் திருத்தியிருக்கிறார்கள். எம்பி3 ஃபைலில் பாடகர் பெயரை அழகாக மாற்றி எழுதினாலே ஹாஷ் மாறிவிடும். ஃபைலின் பெயரை எக்ஸ்ப்ளோரரில் மாற்றினாலும் மென்பொருளுக்கு அது காணாமல் போன ஃபைல். பெயர் மாற்ற ஆசைப்பட்டால் கியூபிட்டோரன்ட்டின் 'கன்டென்ட்' பகுதியில் மாற்றுங்கள்.

எல்லாம் நூறு வந்த பிறகும் 'பழசு' ஃபோல்டரை உடனே அழிக்க வேண்டாம். ஒரு வாரம் இருக்கட்டும். கணினியை இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்டு, டிஸ்க்கைக் கழற்றி மாட்டி, எழுத்து மாறவில்லை, பட்டியல் சரியாக வருகிறது என்று பார்த்த பிறகு அழியுங்கள். திரும்பக் கிடைக்காத ஃபைல்களை அப்போதும் வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைத்திருங்கள், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் மட்டும் இருக்கும் ஃபைலுக்கு பேக்கப் கிடையாது.

பாதியில் நிற்கும் டோரன்ட்கள்

முடிந்தவரை இவற்றை முடித்துவிட்டு நகர்த்துங்கள். முடியாதவற்றின் ஃபைல் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்ட ஓர் ஒட்டு இருக்கலாம், இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் 'ஸ்டாப்' கொடுத்துவிட்டு முதல் வழியில் செல்லுங்கள்.

இனி வருபவற்றுக்கு

செட்டிங்ஸில் 'டவுன்லோட்ஸ்' பக்கத்தில் 'டிஃபால்ட் சேவ் பாத்' என்பதைப் புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அதன் கீழேயே 'கீப் இன்கம்ப்ளீட் டோரன்ட்ஸ் இன்' என்று ஒன்று இருக்கும். அதை டிக் செய்து லேப்டாப்பின் உள் டிரைவில் ஒரு ஃபோல்டரைக் கொடுங்கள். டோரன்ட் துண்டுகள் வரிசையாக வராது, கண்டபடி வரும். அந்தச் சிதறிய எழுத்து வேலை உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் நடக்கட்டும், முடிந்த ஃபைல் மட்டும் ஒரே ஓட்டமாக எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போகட்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்குக்கு இது பெரிய உபகாரம். உள் டிரைவில் ஒரு டோரன்ட் முழுதாக இறங்கும் அளவுக்காவது இடம் விட்டு வையுங்கள்.

விண்டோஸ் தொடங்கும்போதே டோரன்ட் மென்பொருளும் தொடங்கும்படி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். டிஸ்க் மாட்டாத நேரத்தில் அது திறந்தால் மறுபடி 'மிஸ்ஸிங் ஃபைல்ஸ்' கூத்துதான். டிஸ்க்கை மாட்டுங்கள், எக்ஸ்ப்ளோரரில் 'எக்ஸ்' தெரிகிறதா பாருங்கள், பிறகு மென்பொருளைத் திறங்கள்.

இருநூறு டோரன்ட்டையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து நாள் முழுக்க சீட் செய்வதும் எனக்கு உடன்பாடில்லை. வேலை இல்லாதபோது தூங்கும்படி வடிவமைத்த டிஸ்க்கை யாரோ ஒருவர் ஒரு துண்டு கேட்டு எழுப்பிக்கொண்டே இருப்பார். நாலைந்து முக்கியமானவற்றை மட்டும் சீட் செய்யுங்கள், மீதியை ஸ்டாப்பில் வையுங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு

டிஸ்க் மவுன்ட் ஆகாத, அதாவது கணினியின் ஃபோல்டர் அமைப்போடு இணையாத, நேரத்தில் டோரன்ட் மென்பொருள் ஓடினால், மவுன்ட் ஆக வேண்டிய இடத்தில் அதுவே காலி ஃபோல்டர் உருவாக்கி உங்கள் ரூட் டிஸ்க்கில் எழுதித் தள்ளக்கூடும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்து வீட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். டிஸ்க்கை அதன் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணை வைத்து ஒரே இடத்தில் மவுன்ட் ஆகும்படி எழுதி வையுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' போட்டு அணைத்த கணினியிலிருந்து கழற்றிய என்டிஎஃப்எஸ் டிஸ்க், லினக்ஸில் படிக்க மட்டும் அனுமதித்து எழுத மறுக்கலாம். விண்டோஸில் திரும்ப மாட்டி ஒழுங்காக இஜெக்ட் செய்தால் சரியாகும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களுக்குத் தனியாக ஒரு வினை உண்டு. விண்டோஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 குறிகள் வரை இடம். லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் 255 பைட் வரைதான் ஏற்கும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறி. ஆகவே மொத்தம் 85 குறிகள்தான், கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ணினால் அதிலும் குறைவு. புத்தகப் பெயர், ஆசிரியர், பதிப்பகம், வருடம் என்று நீளமாகப் பெயர் வைத்த ஸ்கேன் விண்டோஸில் சமர்த்தாக இருந்துவிட்டு எக்ஸ்ட்4 டிஸ்க்குக்குக் காப்பி ஆகாமல் நிற்கும். எதிர்த்திசையிலும் சிக்கல் இருக்கிறது. லினக்ஸில் பெயருக்குள் முக்கால்புள்ளியும் கேள்விக்குறியும் வைக்கலாம், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் விண்டோஸ் அவற்றை ஏற்காது. இரண்டுக்குமே காப்பி செய்வதற்கு முன்னால் மென்பொருளுக்குள்ளிருந்து பெயரைச் சுருக்கிவிட்டால் தீர்ந்தது.

டிஸ்க்கைக் கழற்றும்போது முதலில் டோரன்ட் மென்பொருளை 'எக்ஸிட்' கொடுத்து மூடுங்கள், அடுத்து கீழே இருக்கும் 'சேஃப்லி ரிமூவ்' குறியை அழுத்துங்கள். டிஸ்க் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால் வேறு எந்த ஜன்னலிலாவது அதன் ஃபோல்டர் திறந்திருக்கும். அப்படியும் விடவில்லை என்றால் கணினியை ஷட்டவுன் செய்துவிட்டு, டிஸ்க்கின் விளக்கு அணைந்த பிறகு கேபிளை எடுங்கள்.